பன்னிரண்டாவது அடி

ஓட்டையைக் கண்டால் ஜெபக்கனிக்குக் கை சும்மா இருக்காது. வீட்டில் நூல் பிரிந்த தலையணை உறை, அலுவலகத்தில் யாரோ பாதியில் விட்டுப்போன கடிதம், எதுவானாலும் அடைத்து முடித்தாக வேண்டும். அப்படிப்பட்டவள் கையில் பூரணியைக் கொடுத்தால் கேட்கவா வேண்டும்.

பூரணி ஓர் இயந்திரம். பாளையங்கோட்டையில், ஒரு பழைய அச்சகத்தை இடித்துவிட்டுக் கட்டிய ஒலி மீட்பகத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. அந்தக் காலத்து வானொலியில் ஒரு நாட்டுப்புறப் பாட்டை ஒலிபரப்பி முடித்ததும் அதே டேப்பை அழித்து, அதன்மேல் வேறு எதையாவது பதிவு செய்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. புது டேப் அன்றைக்குக் குதிரைக்கொம்பு. ஆனால் அழித்த பிறகும் அடியில் மெல்லிய தடம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பூரணி அந்தத் தடத்தைத் தோண்டி எடுக்கும். முதலில் பாட்டுக்குச் சம்பந்தமில்லாத சத்தங்களை எல்லாம் கழுவித் தள்ளும். கழுவியதில் எங்கேயாவது ஒலி விட்டுப்போயிருந்தால், அதே கலைஞரின் வேறு பதிவுகளைக் கேட்டு, அவர் கை அந்த இடத்தில் எப்படி விழும் என்று பழகிக்கொண்டு நிரப்பிவிடும். தைத்த இடம் தெரியாது. பெற்ற பிள்ளை வந்து கேட்டாலும் கண்டுபிடிக்க முடியாது என்று ஜெபக்கனி பெருமையடித்துக்கொள்வாள்.

எட்டு மாத வேலை அன்றைக்குத்தான் வெளியே வருகிறது. காலை பதினொரு மணிக்கு மீட்பகத்தின் சொந்த வானொலி தொடங்குகிறது. முதல் நிகழ்ச்சி, பூலுடையார் கணியாரின் மகுடம். 1987-இல் பதிவாகி, ஒரே ஒரு முறை ஒலிபரப்பாகி, அப்புறம் வாழையில் வாடல் நோய் பற்றிய பேட்டி ஒன்றின் அடியில் புதைந்துபோனது.

சுடலைமாடன் கோயில் திருவிழாக்களில், அதாவது கொடைகளில், மாடன் கதையைப் பாடி, மகுடம் என்ற தோல்கருவியை அடித்துச் சாமியை அழைப்பவர்கள் கணியான் கூத்துக்காரர்கள். அவர்களில் பூலுடையாரைப் போல இன்னொருவர் வரவில்லை என்று ஐந்து மாவட்டத்திலும் சொல்வார்கள். குழுவுக்குத் தலைவர் என்பதால் எல்லாருக்கும் அவர் அண்ணாவி. அவர் போய்ச் சேர்ந்து பத்து வருடம் ஆகிறது. ஜெபக்கனி சர்ச்சில் ஆர்கன் கேட்டு வளர்ந்தவள், ஒரு கொடைக்கும் போனதில்லை. ஆனாலும் எட்டு மாதமாக அந்தக் கையோடுதான் குடித்தனம் நடத்தினாள்.

பத்து மணிக்கு மாசானமுத்து வந்தார். அந்தப் பதிவில் அண்ணாவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது மகுடம் அடித்தவர். அண்ணாவியின் சித்தப்பா மகன். அன்றைக்கு அவருக்குப் பதினேழு வயது, இன்றைக்கு அறுபத்தொன்று. இப்போதும் பங்குனி, சித்திரை வந்தால் ஒரு நாள் ஓய்வில்லாமல் அடிப்பவர். மேடையில் பொன்னாடை போர்த்துவதற்காக அழைத்திருந்தார்கள். கஞ்சி போட்ட சட்டைக்குள் அவர் கொஞ்சம் சங்கடமாகத்தான் நின்றார்.

"மேடைக்கு முன்னாடி நீங்க ஒருதடவ கேட்டுருங்க அண்ணாச்சி" என்று ஜெபக்கனி அவர் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

பாட்டு தொடங்கியதும் மாசானமுத்துவின் கண் நிறைந்துவிட்டது. "அண்ணன் செருமுதாரு பாத்தீயளா? அன்னைக்கு அவருக்குச் சளி" என்றார். கொஞ்ச நேரம் தொடையில் தாளம் போட்டார். ஒன்பது நிமிடம் அப்படியே போனது. அதன் பிறகு பாட்டு நின்று மகுடம் மட்டும் பேசும் இடம் வந்தது. அவர் கை தொடையிலேயே நின்றுவிட்டது. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இத யாரு மேடம் அடிச்சது?"

"உங்க அண்ணன்தான்."

"எங்க அண்ணன் இத அடிக்கல. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்லா."

ஜெபக்கனி சிரித்துக்கொண்டே, "எதைச் சொல்லுதீங்க?" என்றாள்.

"சாமிய அழைக்குத எடத்துல சுத்துக்குப் பன்னெண்டு பெரிய அடி. பதினோரு அடி கூப்புடுத அடி. பன்னெண்டாவது கதவத் தொறக்குத அடி. அது விழுந்தாத்தான் மாடன் வருவாரு. கொடையில அண்ணன் அத அடிப்பாரு. ரேடியோ நெலையத்துல அடிக்கல. ஒவ்வொரு சுத்துலயும் பதினொண்ணோட கைய நிறுத்தி, ஒரு மூச்சு விட்டுட்டு, அடுத்த சுத்துக்குப் போயிட்டாரு. வேணும்னுதான் செஞ்சாரு."

"ஏன்?"

"கொடையில சாமி வந்தா புடிக்கதுக்கு ஆளு நிக்கும். மஞ்சத்தண்ணி இருக்கும், திருநீறு இருக்கும். ஆடி முடிச்சவனத் தாங்கி உக்கார வைக்கதுக்கு நாலு பேரு இருப்பான். ரேடியோவுல வந்தா? ஒருத்தன் பனை உச்சியில இருப்பான். ஒருத்தன் கெணத்துக்குள்ள தூரு வாரிக்கிட்டிருப்பான். ஒருத்தன் பஸ் ஓட்டிக்கிட்டிருப்பான். அங்கன யாரு புடிப்பா? 'நமக்குக் கூப்புடத் தெரியுங்கதுக்காக எங்க வேணாலும் நின்னு கூப்புடக் கூடாதுலே மாசானம்'னு அண்ணன் சொன்னாரு."

"அது டேப் கெட்டுப்போன எடம் அண்ணாச்சி. இதோ பாருங்க." ஜெபக்கனி பூரணியின் அறிக்கையைத் திரையில் திறந்தாள். ஒலி விடுபட்ட இடங்கள் பதிமூன்று, அனைத்தும் நிரப்பப்பட்டன என்று இருந்தது. பக்கத்தில் அவளே போட்ட 'சரி'. எல்லாம் அழைக்கும் பகுதியில்தான் இருந்தன. டேப்பின் கடைசிப் பகுதி என்பதால் ஈரம் பட்டிருக்கும் என்று அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாசானமுத்து அறிக்கையைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே அவள் கழுவாத பழைய பதிவைத் தேடி எடுத்தாள். எட்டு மாதத்தில் அதை அவள் ஒருமுறைகூட முழுதாகக் கேட்டதில்லை. கழுவியதைத்தான் கேட்பாள், எல்லாரும் அப்படித்தான்.

வாழை நோய் அதிகாரி மேலே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அடியில் மகுடம். அதற்கும் அடியில், அண்ணாவி அன்றைக்கு வாசித்த பதிவு அறையின் ஏசி மெஷின் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. பதினோராவது அடி விழுந்தது. இரண்டு மகுடமும் வாயை மூடிக்கொண்டன. அரை நொடி ஒன்றும் இல்லை, ஏசியின் உறுமலைத் தவிர. அந்த உறுமல் மட்டும் அறுபடாமல் அப்படியே ஓடியது.

டேப் கெட்டிருந்தால் ஏசியும் சேர்ந்து போயிருக்க வேண்டும். அது போகவில்லை. பூரணி முதலில் ஏசியைக் கழுவியிருக்கிறது. கழுவிய பிறகு அண்ணாவி நிறுத்திய இடம் வெறும் பள்ளமாகத் தெரிந்திருக்கிறது. பள்ளத்தைப் பார்த்ததும் அது தன் வேலையைச் செய்துவிட்டது. யாரோ மைக்செட்காரர் ஒரு கொடையில் பிடித்து வைத்த கேசட்டிலிருந்து அண்ணாவியின் பன்னிரண்டாவது அடியைக் கற்றுக்கொண்டு, அச்சு அசலாக அங்கே வைத்துவிட்டது. ஜெபக்கனிக்குக் காது மடல் சூடேறியது. வெட்கம்தான், வேறென்ன.

"தப்புதான் அண்ணாச்சி. ஆனா இப்ப இதனால யாருக்கு என்ன ஆயிரப் போவுது?"

"பெருமாளு அண்ணாச்சி கேப்பாரு" என்றார் மாசானமுத்து.

பூவாணிநேரியில் சிவனணைந்த பெருமாள் என்று ஒருவர். மாடன் கோயிலில் நாற்பது வருடத்துக்கு மேல் கோமரத்தாடி. அதாவது சாமி வந்து இறங்குவது அவர் மேல்தான். அறுபத்தெட்டு வயது. இரண்டு முறை நெஞ்சுவலி வந்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முந்தைய கொடையில் மாசானமுத்து அடித்த அடிக்கே எழுந்து ஆடி, ஆடிய இடத்திலேயே விழுந்து, பதினோரு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தார். இனி ஒருமுறை இப்படி ஆடினால் தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அதிலிருந்து கொடை நடக்கும் மூன்று நாளும் அவர் மனைவி பிரமசக்தி அவரைத் தூத்துக்குடிக்குத் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்கிறாள்.

"சாமின்னு நம்புவீயளோ மாட்டீயளோ, அது உங்க இஷ்டம் மேடம். தூக்கத்துல பேரச் சொன்னா எந்திரிக்கோம்லா, அந்த ஒடம்பு அப்படிப் பழகிட்டு. அண்ணனோட பன்னெண்டாவது விழுந்தா அவரு எந்திரிப்பாரு. எந்திரிச்சா அந்த நெஞ்சு தாங்காது. அண்ணன் ரேடியோவுல வாராருன்னு நேத்து நானே போயி சொல்லிட்டு வந்திருக்கேன். ரேடியோவ ஊர்க்கார பையன் ஒருத்தன் சரிபண்ணிக் குடுத்திருக்கான்."

"போன் போடுங்க. கேக்க வேண்டாம்னு சொல்லுங்க."

மாசானமுத்து போட்டார். பெருமாளே எடுத்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ரேடியோவ வைக்காதிய."

"ஏம்ல? காலைலேருந்து மடியில வச்சிட்டு உக்காந்திருக்கேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. சொன்னாக் கேளுங்க. மெசினு என்னமோ பண்ணிட்டு. அண்ணனோட பன்னெண்டாவது அடி அதுல வந்திருக்கு."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"எல்லாச் சுத்துலயுமா?" என்று பெருமாள் கேட்டார். குரல் மாறியிருந்தது.

"எல்லாத்துலயும்."

இணைப்பு அறுந்தது. மறுபடி போட்டார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாசானமுத்து போனைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு வருடமாக அந்த ஒரு அடிக்கு ஏங்கிக் கிடக்கும் மனுஷனிடம், அது வருகிறது, ஜாக்கிரதை என்று அவரே சொல்லிவிட்டார். கேட்காதே என்று சொல்லப் போய், கேட்காமல் இருக்கவே முடியாதபடி செய்துவிட்டார்.

"இந்த வாய வச்சிட்டு நான் என்ன செய்ய" என்றார்.

மணி பத்து நாற்பது. பெருமாளின் பக்கத்து வீடு, எதிர் வீடு, ஊர் டீக்கடை என்று தெரிந்த எண்களை எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். ஒருவரும் எடுக்கவில்லை. பூவாணிநேரிக்குக் காரில் போக நாற்பது நிமிடம். மகுடம் மட்டும் பேசும் இடம் பதினொன்று ஒன்பதுக்கே வந்துவிடும். ஜெபக்கனி படியிறங்கிக் கீழே ஓடினாள்.

மீட்பகத்தின் இயக்குநர் ஆவுடையப்பன் அரங்க வாசலில் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் கிடையாது. ஆனால் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் போல இருந்தார் அன்றைக்கு.

"சார், இதை நிறுத்திட்டு வேற எதாச்சும் போடணும்."

"நிகழ்ச்சி நிரல் நேத்தே சென்னை மையத்துல பூட்டியாச்சு. நீங்களும்தான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. என்ன விஷயம்?"

அவள் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"சாமி வந்துரும்னு பயந்து ஒலிபரப்ப நிறுத்துனாங்கன்னு நாளைக்குப் பேப்பர்ல வரணுமா? நாம யாரும்மா? சயின்ஸ் பண்றவங்க."

"சாமிய விடுங்க சார். ஒரு ஆளோட ஹார்ட் நின்னுரும்."

"அப்ப அவருக்குப் போன் பண்ணி, கேக்காதீங்கன்னு சொல்லுங்க."

"சொல்லிட்டோம் சார். அதனாலதான் இப்பப் பிரச்சினையே."

உள்ளே யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். ஆவுடையப்பன் அவள் தோளை ஆறுதலாகத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒலிபரப்பு அறையில் ஆள் தேவையில்லை. எல்லாம் சென்னையிலிருந்து தானாக ஓடும். ஆனால் அவசர அறிவிப்புக்கென்று பழைய வழக்கத்தில் ஒன்றே ஒன்றை விட்டு வைத்திருந்தார்கள். சத்தத்தை ஏற்றி இறக்கும் ஒரு விசை, விரல் நீளம்தான். அதை அடியோடு இறக்கிவிட்டால் என்ன என்று முதலில் நினைத்தாள். முடியாது. மூன்று நொடிக்கு மேல் சத்தம் இல்லை என்றால் இங்கே ஏதோ கோளாறு என்று சென்னை மையம் எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஒலிபரப்பை அங்கிருந்தே நேராக ஓட்டும், இங்கே விசைக்கு வேலை இல்லை. மூன்று நொடிக்குள் என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம்.

அண்ணாவி நிறுத்தியது அரை நொடி.

மாசானமுத்துவை ஒலிபரப்பு அறைக்குக் கூட்டிவந்து, "எத்தனை சுத்து?" என்று கேட்டாள்.

"பதினாலு."

"நீங்க என் பின்னாடி நில்லுங்க. பதினோராவது அடி விழும்போது என் தோள்ல தட்டுங்க. நான் இறக்கிருதேன். எனக்கு எண்ணத் தெரியாது, நடுவுல பொடி அடி நெறைய வருது. நீங்க தட்டுனா மட்டும்தான் இறக்குவேன்."

"மேடம், கொஞ்சம் பிந்துனா அடி வெளிய போயிரும். முந்துனா அடுத்தது..."

"தெரியும் அண்ணாச்சி."

பதினொரு மணி. கீழே கைதட்டல் கேட்டது. அறையின் சின்ன ஒலிபெருக்கியில் அண்ணாவி செருமினார், பாடினார். மாடன் பிறந்தார், வளர்ந்தார், கைலாயத்தை விட்டு இறங்கினார். ஜெபக்கனி விசையில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கோ ஒரு முற்றத்தில் மடியில் ரேடியோவோடு உட்கார்ந்திருக்கும், முகம் தெரியாத அந்த ஆளைத் தவிர அவள் மனதில் வேறொன்றும் இல்லை. கர்த்தரே, என் விரல் தவறக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். சுடலைமாடன் விஷயத்தில் கர்த்தரை இழுப்பது முறையா என்று யோசிக்கக்கூட நேரம் இல்லை.

பாட்டு நின்றது. மகுடம் பேச ஆரம்பித்தது.

தோளில் தட்டு விழுந்தது. இறக்கினாள், ஏற்றினாள். ஒன்று.

இரண்டு. மூன்று. நான்காவதில் விரல் ஒரு மயிரிழை பிந்தி, அடியின் தொடக்கம் வெளியே எட்டிப் பார்த்துவிட்டது. மாசானமுத்து பல்லைக் கடித்தது அவளுக்குக் கேட்டது. ஐந்தாவது சரியாக விழுந்தது. ஏழு, எட்டு ஆனபோது அவள் அடிகளைக் கேட்பதையே விட்டுவிட்டாள். தோளும் விரலும்தான் இருந்தன. மகுடம் வேகம் ஏறிக்கொண்டே போனது.

பதினோராவது சுற்றில் கதவு திறந்தது.

"ஜெபக்கனி, என்ன நடக்குது இங்க? ஹால்ல எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாக்குறாங்க. விட்டு விட்டு வருது" என்றார் ஆவுடையப்பன்.

அவள் திரும்பவில்லை. தட்டு. இறக்கினாள், ஏற்றினாள். "சார், ரெண்டு நிமிஷம். அப்புறம் என்ன வேணாலும் செய்யுங்க."

அவர் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவள் விரலைப் பார்த்தார், மாசானமுத்துவின் விரலைப் பார்த்தார், என்ன நினைத்தாரோ கையைக் கட்டிக்கொண்டார். பன்னிரண்டாவது சுற்றும் போனது.

பதிமூன்றாவது. அடிகள் ஏறின. அவள் தட்டுக்காகக் காத்திருந்தாள். தட்டு வரவில்லை.

அந்த அடி விழுந்தது. முழுதாக, ஒரு குறையும் இல்லாமல் விழுந்தது. சின்ன ஒலிபெருக்கிதான், ஆனாலும் மேசைமேல் இருந்த பேனா அதிர்ந்தது. பதினான்காவதில் தட்டு வந்தது, இறக்கினாள். அதோடு முடிந்தது.

"ஏன் தட்டல?" என்று திரும்பிக் கேட்டாள்.

மாசானமுத்து தன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியல மேடம். வெரலு வரல."

இருவரும் காரில் பூவாணிநேரிக்குக் கிளம்பினார்கள். அங்கே இன்னும் யாரும் போனை எடுக்கவில்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது ஜெபக்கனி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள்: பதிமூன்றை மறைத்தேன், ஒன்று போய்விட்டது, ஒரே ஒரு அடிக்கு ஒரு நெஞ்சு நின்றுபோகுமா? கொலை என்ற சொல் மனதில் வந்தது. அதை எவ்வளவு தள்ளியும் அது போகவில்லை.

பெருமாள் வீட்டுத் தெருவில் வண்டி நுழைய முடியவில்லை. அவ்வளவு கூட்டம். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு வீட்டு முன்னால் ஊரே கூடி, சத்தம் இல்லாமல் நின்றால் அதற்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும். மாசானமுத்து அவள் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

முற்றம் முழுக்க மஞ்சள் தண்ணீர். வேப்பிலை மிதிபட்டுக் கிடந்தது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், ஈர வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக ஒருவர் சாய்ந்திருந்தார். ஊர் நர்ஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நெஞ்சு ஏறி இறங்கியது.

ஜெபக்கனி அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த மேடமா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு வயதான பெண் வந்து அவளைத் தூக்கிவிட்டாள். அவள்தான் பிரமசக்தி. "எல்லாச் சுத்துலயும் வருதுன்னு மாசானம் சொன்னதும் எனக்குக் கொல பதறிட்டு. பதினாலு தடவ எந்திரிச்சா இந்த ஒடம்பு தாங்குமா? ரேடியோவப் புடுங்கிப் போட்டுருவோமான்னு பாத்தேன். இவிய மூஞ்சியப் பாத்தேன். புடுங்குனா அதுக்கே போயிருவாவன்னு தோணிச்சு. அதான் தெருவையே கூட்டிட்டேன். புடிக்க ஆளு, தண்ணி, நாக்குக்கு அடியில வைக்க மாத்திரை, எல்லாத்தையும் வச்சிக்கிட்டு உக்காந்தோம். போனு அடிச்சதுக்குக்கூட ஒருத்தரையும் எந்திரிக்க விடல."

"எந்திரிச்சாரா?" என்று ஜெபக்கனி கேட்டாள்.

"ஒரு தடவ. ஒரு சுத்து. புடிச்சு உக்கார வச்சிட்டோம்."

நாற்காலியில் இருந்தவர் கண்ணைத் திறந்தார். "பதிமூணாவதுல" என்றார்.

மாசானமுத்து நிமிர்ந்தார்.

"ரேடியோ இன்னைக்குச் செத்துச் செத்துப் பொழச்சுதே, அது யாரு கை?" என்று பெருமாள் மெதுவாகக் கேட்டார்.

"என் கைதான் அய்யா. பதினாலையும் மறைக்கணும்னுதான் பாத்தேன். ஒண்ண விட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

"பதினாலையும் மறைச்சிருந்தீயன்னா நான்தான் உங்கள மன்னிச்சிருக்க மாட்டேன்." அவர் மூச்சு வாங்கினார், நர்ஸ் பேச வேண்டாம் என்றாள், அவர் கேட்கவில்லை. "அன்னைக்கு ரேடியோ நெலையத்துலேருந்து வந்து அண்ணாவி சைக்கிள எடுத்துட்டுப் பொறப்பட்டாரு. அவரு அடிக்கு ஆடுதவன் நாங்க எட்டு பேரு. எட்டு ஊருக்கும் போயி, எட்டு பேருகிட்டயும் சொன்னாரு. 'பதிமூணாவது சுத்துல மட்டும் ஒண்ணு குடுத்திருக்கேன். ஒலிபரப்புத அன்னைக்கு மரம் ஏறாத, வண்டி ஓட்டாத. ஆள வச்சிக்கிட்டு உக்காரு'ன்னாரு. அப்படித்தான் உக்காந்தோம். இப்ப மிச்சம் நான் ஒருத்தன்."

"எனக்குச் சொல்லலையே" என்றார் மாசானமுத்து.

"ஒன் வாயி நிக்காதுன்னு சொன்னாருலே. அது சரியாத்தான இருக்கு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாசானமுத்து சிரிக்கவில்லை. "அன்னைக்கு நானும் கேட்டேன் அண்ணாச்சி. பதிமூணுல கை விழுந்திட்டு. அண்ணன் கை தவறிட்டுன்னு நெனச்சேன். அண்ணாவி கை தவறுச்சுன்னு வெளிய எப்படிச் சொல்ல? நாப்பத்தி நாலு வருசமா யாருட்டயும் சொல்லல. நானே மறந்துட்டேன். இன்னைக்கு மேடம் தோள்ல தட்டணும், வெரலு வரல."

ஜெபக்கனி பையிலிருந்து போனை எடுத்தாள். பூரணியின் அறிக்கை இன்னும் திறந்தே இருந்தது. விடுபட்ட இடங்கள் பதிமூன்று என்று காலையிலேயே அவளுக்குச் சொன்னது. சுற்று பதினான்கு என்று மாசானமுத்துவும் சொன்னார். ஓட்டையை அடைப்பதில் இருந்த அவசரத்தில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. மேசைமேல் பேனாவை அதிர வைத்த அந்த அடி பூரணி வைத்தது இல்லை.

"ஒண்ணு மட்டும் ஏன் குடுத்தாரு?" என்று பெருமாளிடம் கேட்டாள்.

"ஒண்ணுமே குடுக்கலன்னா நாங்க அதத் தேடிக்கிட்டு எங்கயாச்சும் போயிருவோம்னு அவருக்குத் தெரியும்" என்றார் பெருமாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் தலையை ஆட்டினாள். நாடித் துடிப்பின் வேகம் தணிந்துகொண்டிருக்கிறது, பயம் இல்லை என்று பொருள். பிரமசக்தி அவர் ஈர முடியை முந்தானையால் துவட்ட ஆரம்பித்தாள்.

ஜெபக்கனியின் போன் அடித்தது. ஆவுடையப்பன்.

"அந்த ஆள் எப்படி இருக்காரு?"

"இருக்காரு சார்."

அவர் மூச்சு விட்டது கேட்டது. "நல்லது. இங்க நூறு போன் வந்துருச்சு. நடுவுல சத்தம் அறுந்து அறுந்து போச்சாம். நாளைக்கு இதே நேரம் மறுபடி போடச் சொல்லி சென்னையிலேருந்து உத்தரவு. பதிவுல என்ன கோளாறுன்னு இன்னைக்கே எழுதிக் குடுக்கணும். எத்தனை இடத்துல?"

"பதிமூணு சார்."

"பதினாலு சுத்துல பதிமூணு போயிருக்கு. அவர் வாசிச்சது ஒண்ணுதான் நிக்குதா?"

பிரமசக்தி துவட்டுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் ஆவுடையப்பன் உரக்கச் சொன்ன 'நாளைக்கு மறுபடி' அவள் காதிலும் விழுந்திருந்தது.

"இல்ல சார். பதினாலுமே அவர் வாசிச்சதுதான். பதிமூணுல நாமதான் கை வச்சிட்டோம். சாயங்காலத்துக்குள்ள எடுத்துருதேன்" என்றாள் ஜெபக்கனி.

பிரமசக்தி முந்தானையைப் பிழிந்துவிட்டு, காலியாகிக் கிடந்த குடத்தை எடுத்துக்கொண்டு நாளைக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.